தண்ணீர் கேட்டவர்

அன்று காலை ஜெனிஸ்டனுக்கு எல்லோரும் கைகொடுத்தார்கள். எதற்கென்று அவனுக்குத்தான் சரியாகப் பிடிபடவில்லை.

முதலில் கைகொடுத்தவர் மாமனார் றோபேட். சட்டத்தரணியின் கந்தோர் இருந்த கட்டடத்தின் கீழே, நத்தார்ப் பெருநாள் பூசைக்கு மட்டும் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு அவர் நின்றார். மேலே போய்க் கையெழுத்து வைக்கப்போவது மருமகன். மனிதர் நின்ற நிலையைப் பார்த்தால் அவருக்குத்தான் ஏதோ பட்டமளிப்பு என்று தெருவால் போனவர்கள் நினைத்திருப்பார்கள். "இண்டையோடை சனியன் துலைஞ்சுது தம்பி" என்று சொல்லி ஜெனிஸ்டனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பக்கத்தில் நின்ற அமலினி கணவனின் சேட்டுக் கொலரைச் சரிசெய்துவிட்டுச் சிரித்தாள்.

சனியன் என்று அவர் சொன்னது வழக்கை. மன்னார்த் தீவின் மீனவ ஊரான பேசாலையிலிருந்து இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்துசேர்ந்த காலத்தில் ஜெனிஸ்டன் அகதித் தஞ்சம் கேட்டிருந்தான். விசாரித்த கொமிசியோனே என்கிற தஞ்ச ஆணைக்குழு அவன் சொன்னதை நம்ப முடியாது என்று எழுதி மறுத்துவிட்டது. அந்த மறுப்பை எதிர்த்து நீதிமன்றத்தில் போட்ட வழக்கு வருடக்கணக்காக அங்கேயே கிடந்தது. தவணை வரும், தள்ளிப்போகும். நீதிபதி மாறுவார், மறுபடியும் தள்ளிப்போகும். அதற்கிடையில் அவன் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்து உணவகம் ஒன்றில் மீன் வெட்டும் வேலையில் சேர்ந்து, றோபேட்டின் மகளைக் காதலித்து, கலியாணமும் கட்டி, அல்பெர்கேரியாவில் வாடகைக்கு ஒரு வீடும் எடுத்துவிட்டான். வழக்கு மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

போன மாதம் அமலினிக்கு இத்தாலியக் குடியுரிமை கிடைத்தது. சின்ன வயதிலேயே தகப்பனோடு வந்து இங்கே பள்ளிக்கூடம் போய், இப்போது கால்சாவில் ஒரு குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்கிறவள் அவள். இத்தாலியப் பெண்ணின் கணவன் என்ற முறையில் அவனுக்கு இனிப் பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதி எடுக்கலாம். வருடக்கணக்கில் செல்லும், எவரும் கேள்வி கேட்க முடியாது. ஒரே ஆள் இரண்டு வாசலில் நின்று தட்டினால் இழுபறிதான் மிஞ்சும், ஆகவே தஞ்ச வழக்கை மீளப்பெற்றுவிடுவோம், தஞ்சம் கேட்டபோது கொடுத்து குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் கிடக்கிற பாஸ்போட்டையும் கேட்டு எடுக்கலாம் என்று சட்டத்தரணி அம்மா சொல்லிவிட்டார்.

இதில் விளங்காமல் போவதற்கு என்ன இருக்கிறது? பலாரோச் சந்தையில் வெண்டிக்காய் விற்கிற ஆள் வரைக்கும் விளங்கிவிட்டது. ஜெனிஸ்டனுக்கு மட்டும் விளங்கவில்லை. வரவேண்டிய சந்தோசம் ஏன் வரவில்லை என்று அவன் தன்னைத்தானே கேட்டுக்கொண்டு படியேறினான்.

அந்த வழக்கில் அவன் சொன்னது இதுதான். பேசாலையில் அவனுக்கு ஒரு சின்னக் கைபேசி திருத்தும் கடை இருந்தது. போர் முடிந்து சில வருடங்களான பிறகு, ஒரு மத்தியான நேரம், யாரென்று சொல்லாத நாலைந்து பேர் வந்து அவனை ஒரு வான் வண்டியில் ஏற்றினார்கள். கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் ஒரு அறையில் விட்டார்கள். அவன் திருத்திக் கொடுத்த ஒரு கைபேசியைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கன்னத்தில் இரண்டு அடி விழுந்தது, அவ்வளவுதான். சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொருவர் இருந்தார். வயதான குரல். "தம்பிமாரே, கொஞ்சம் தண்ணி தாங்கோ" என்று தமிழில் கேட்டுக்கொண்டே இருந்தார். பகல் முழுக்கக் கேட்டார், இரவும் கேட்டார். அடுத்த நாள் பின்னேரம் அந்தக் குரல் நின்றுபோனது. அதற்குப் பிறகு அவர்களில் ஒருவன் ஜெனிஸ்டனுக்கு ஒரு சோற்றுப் பார்சல் கொண்டுவந்து வைத்தான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவனைப் பார்த்து, நீ பேசாலைக்காரன்தானே, மீன் நல்ல மீனா என்று கேட்டான். நல்ல மீன் என்று ஜெனிஸ்டன் சொன்னான். மறுநாள் மன்னார்ப் பாலத்தடியில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள்.

கொமிசியோனே பிடித்துக்கொண்டது இரண்டு விசயத்தை. ஆளைக் கடத்துகிறவன் சோறு வாங்கிக் கொடுத்து மீன் நல்லதா என்று விசாரிப்பானா? இது ஒன்று. பக்கத்து அறையில் இருந்தவரின் பெயர் தெரியாது, முகம் தெரியாது, அவர் செத்தாரா விட்டார்களா என்பதும் தெரியாது என்றால் அப்படி ஒருவர் இருந்தார் என்று எப்படி நம்புவது? இது இரண்டாவது. அடி விழுந்ததைப் பற்றி அவர்கள் பெரிதாகக் கேட்கவே இல்லை.

இந்த ஆபத்தை றோபேட் முன்கூட்டியே கண்டுபிடித்துச் சொல்லியிருந்தார். அப்போது அவர் மாமனார் இல்லை. பங்குக் கோவிலில் புதிதாக வந்தவர்களுக்கு வேலை, வீடு, ஆலோசனை எல்லாம் கேட்காமலே வழங்குகிற பெரியவர். "பார்சலை வெட்டு தம்பி. அந்தக் கிழவனுக்கும் ஒரு பேர் வை. கேஸ் எண்டால் மீன்குழம்பு மாதிரி, கொஞ்சம் உறைக்க வேணும்" என்றார். நடந்ததை நடந்தபடி சொல்லுவேன் என்று ஜெனிஸ்டன் அடம்பிடித்தான். தோற்றான். இதைவிட அழகாகத் தோற்க முடியாது என்று றோபேட் பல பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. முப்பது வருடத்துக்கு முன் அவர் தஞ்சம் கேட்டபோது தான் காட்டுக்குள் ஒளித்துத் திரிந்ததாகச் சொன்னவர். உண்மையில் அந்தக் காலம் முழுவதும் கொழும்பில் ஒரு ஹோட்டலில் கட்டில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார். ஞானஸ்நான விருந்துகளில் அவர் அந்தக் காட்டுக் கதையை இப்போதும் நடித்துக் காட்டுவார், எல்லோரும் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். சிரிக்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒன்றிரண்டு பேரும் அந்த மேசையில் இருப்பார்கள். தங்களுக்கு நடந்ததைச் சொல்ல வாய் வராமல் மற்றவர் சொல்லித்தந்த கதையைச் சொல்லிப் பேப்பர் எடுத்தவர்கள் அவர்கள். ஆக மொத்தத்தில், கேஸ் கதை என்பது பேப்பருக்காகப் பாடமாக்குகிற ஒன்று என்பதுதான் அந்தச் சனத்தின் வழமை. யாரும் அதை வைத்து ஆளை எடைபோடுவதில்லை.

பாடமாக்குவதற்கும் ஒரு முறை இருந்தது. தவணைக்கு முதல் ஒரு வீட்டில் கூடுவார்கள். இத்தாலியன் நன்றாகத் தெரிந்த ஒருவர் நீதிபதியாக இருந்து குறுக்குக் கேள்வி கேட்பார். ஜெனிஸ்டனுக்கு நீதிபதியாக இருந்தவள் அமலினி. றோபேட்தான் ஏற்பாடு செய்தார், பிறகு அதற்காகத் தலையில் அடித்துக்கொண்டார். தவணைகள் தள்ளிப்போகப் போக ஒத்திகைகளும் கூடின. வான் என்ன நிறம், அறையில் ஜன்னல் இருந்ததா, குரல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று அவள் கேட்பாள். குரல் நின்ற இடம் வந்ததும் அவளுக்குக் கண் கலங்கும். அந்தக் கலக்கத்தைப் பார்த்துத்தான் அவனுக்கு அவள்மேல் ஆசை வந்தது. இந்த ஊரில் ஒருத்தியாவது என்னை நம்புகிறாள் என்று அவன் நினைத்தான்.

சட்டத்தரணி அம்மாவின் மேசையில் எல்லாம் தயாராக இருந்தது. வழக்கைத் தொடர எனக்கு இனி விருப்பமில்லை, தேவையும் இல்லை என்ற கருத்தில் நாலைந்து வரி. கீழே அவன் கையெழுத்து வைக்கவேண்டும். அவ்வளவுதான். அந்த அம்மா நல்லவர். பேனையைத் திறந்து அவன் பக்கம் நீட்டினார்.

ஜெனிஸ்டன் பேனையை வாங்கவில்லை. நான் இதில் கையெழுத்து வைத்தால் நீதிபதி என்னுடைய கதையை வாசிப்பாரா என்று கேட்டான். வாசிக்கமாட்டார், கோவை மூடப்படும் என்றார் அவர். அப்படியென்றால் அது உண்மை என்று சொல்லமாட்டாரா? உண்மை என்றும் சொல்லமாட்டார், பொய் என்றும் சொல்லமாட்டார். அப்போ கொமிசியோனே பொய் என்று எழுதியது? அது அப்படியே இருக்கும், ஆனால் அதை இனி எவரும் எடுத்துப் பார்க்கப்போவதில்லை, நீங்கள் கவலைப்படத் தேவையில்லை. நான் வழக்கை விடுவது பொய் சொன்னதால் அல்ல என்று பக்கத்தில் ஒரு வரி எழுதலாமா?

இந்த இடத்தில் அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அமலினியைப் பார்த்தார். அமலினி தகப்பனைப் பார்த்தாள். றோபேட், இவனுக்குச் சந்தோசத்தில் மூளை குழம்பிப்போச்சு என்ற மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தார். அப்படி எழுதும் வழக்கமில்லை, எழுதினாலும் அதனால் ஒரு பயனும் இல்லை, அதெல்லாம் இனித் தேவைப்படாது என்று அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார். எல்லோரும் அந்த ஒரு சொல்லைத்தான் சொன்னார்கள். தேவைப்படாது.

யாருக்குத் தேவைப்படாது என்று கேட்க அவனுக்கு வாய் உன்னியது. கேட்டால் என்ன பதில் வரும் என்றும் தெரியவில்லை, எந்தப் பதில் வந்தால் தன் மனம் ஆறும் என்றும் தெரியவில்லை. பெர்மெசோ வேண்டாம் என்று சொல்லுமளவுக்கு அவன் மகானும் இல்லை. பொலிஸ்காரரைக் கண்டு வழிமாறிப் போன நாட்களும், தகப்பனின் செத்தவீட்டுக்கு ஊருக்குப் போக முடியாமல் உணவகத்தின் பின்கட்டில் இருந்து அழுததும் அவனுக்கு மறக்கவில்லை. பெர்மெசோ வேண்டும். ஆனால் இத்தனை வருடமும் அவன் காத்திருந்தது அதற்கு மட்டுமல்ல. கறுப்பு அங்கி போட்ட ஒருவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஓம், அப்படி ஒரு மனிதர் இருந்தார், தண்ணீர் கேட்டார், ஒருவரும் கொடுக்கவில்லை என்று தன் வாயால் சொல்லவேண்டும். அந்த மனிதருக்கு இந்த உலகத்தில் சாட்சி என்று இருப்பது தான் ஒருவன்தான். தன்னையே நம்பாவிட்டால் அவர் இருந்ததாகவே ஆகாது. இதை எந்தப் பாசையில் எப்படி விளங்கப்படுத்துவது?

அமலினி அவன் முதுகில் கையை வைத்தாள். அவன் கையெழுத்து வைத்தான். வைத்ததும் அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது. யார்மேல் கோபம் என்று தேடிப் பார்த்தான், அந்த அறையில் கோபப்படத்தக்க ஆள் ஒருவரும் இல்லை. சட்டத்தரணி அம்மா எழுந்து கைகொடுத்தார்.

மத்தியானம் றோபேட் வீட்டில் விருந்து. கணவாய்க் கறியும் இறால் பொரியலும் அவரே சமைத்திருந்தார். வேண்டப்பட்டவர்கள் ஐந்தாறு பேர் வந்து, வரும்போதும் கைகொடுத்தார்கள், சாப்பிட்டுக் கைகழுவிய பிறகும் கைகொடுத்தார்கள். ஜெனிஸ்டன் எல்லோருக்கும் சிரித்தான். சாவுக்கு வந்தவர்களிடம் சிரிக்கிறோமா, கலியாணத்துக்கு வந்தவர்களிடம் சிரிக்கிறோமா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது.

வந்தவர்களில் தில்லையம்பலம் என்று ஒருவர். யாழ்ப்பாணத்து ஆள், ஒரு முதியவரைப் பராமரிக்கிற வேலை, றோபேட்டுக்கு நெடுநாள் சிநேகிதர். அவர் ஜெனிஸ்டனைப் பல்கனிப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், தன் அக்காவின் மகன் இப்போதுதான் வந்து இறங்கியிருப்பதாகச் சொன்னார். அவனுக்குக் கொமிசியோனேயில் சொல்ல ஒரு கதையும் இல்லையாம், பொடியன் வெறும் வெள்ளையாம். பிறகு குரலைத் தணித்துக் கேட்டார்.

"தம்பி, குறை நினைக்காதையும். உம்மடை கதை இனிச் சும்மாதானே கிடக்கப்போகுது. அதை அவனுக்குத் தாறீரோ? ஊரை மட்டும் மாத்திப்போட்டுச் சொல்லுவான்."

ஜெனிஸ்டன் அவருடைய முகத்தைப் பார்த்தான். கோபிக்கவேண்டிய கேள்வியா இது, இல்லை சைக்கிள் கேட்கிற மாதிரிச் சாதாரணமாகத்தான் கேட்கிறாரா? அந்த மனிதரின் முகத்தில் கள்ளம் ஒன்றும் இல்லை. அக்கா மகன்மேல் உள்ள பாசம்தான் இருந்தது. ஒருவேளை கொடுத்தால் நல்லதோ என்றுகூட அவன் ஒரு கணம் யோசித்தான். அந்தப் பொடியன் வாயால் சொன்னால் யாராவது நம்புவார்களோ? தண்ணீர் கேட்டவர் அங்கேயாவது இருந்துவிட்டுப் போவாரோ? இப்படி யோசித்ததை நினைக்கவே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அவன் வாயைத் திறப்பதற்குள் பல்கனிக் கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த றோபேட்தான் உரத்துப் பதில் சொன்னார். "அது தோத்த கதை, தில்லை. அதைக் கொண்டுபோய் அந்தப் பொடியனையும் கவிக்காதை. நான் ஒண்டு சொல்லித்தாறன்." சபை கொல்லென்று சிரித்தது. அமலினியும் சிரித்தாள். ஜெனிஸ்டன் அவள் சிரித்ததைக் கண்டான். சபைக்காகச் சிரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

வெயில் தணிந்த பிறகு இருவரும் கடற்கரைப் பக்கம் நடந்துபோனார்கள். அங்கே பரந்த புல்வெளியில் பிள்ளைகள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். கடலைப் பார்த்தபடி ஒரு வாங்கில் உட்கார்ந்தார்கள். அமலினி செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடித்துக்கொண்டாள். அவள் முகம் தெளிவாக இருந்தது. நெடுநாளாகத் தூக்கிச் சுமந்த எதையோ இறக்கி வைத்தவள் மாதிரி மூச்சு விட்டாள். நீர்கொழும்புக்குப் போகலாம், மடு மாதா கோவிலுக்குப் போகலாம், உங்களுடைய அம்மாவைப் பார்க்கலாம் என்று அடுக்கிக்கொண்டு போனாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

"இஞ்சேருங்கோ, இனி அந்தக் கதை தேவையில்லைத்தானே. இனியாவது சொல்லுங்கோ. உண்மையிலை நீங்கள் என்னத்துக்கு வந்தனீங்கள்?"

அவனுக்கு விளங்கவில்லை. எந்தக் கதை என்று கேட்டான். அவள் சிரித்தாள். தன்னிடம் மறைக்கத் தேவையில்லை, தனக்கு ஒரு மனவருத்தமும் இல்லை, அப்பாவும் அப்படிச் சொல்லித்தானே வந்தவர், கேஸுக்குச் சொன்னதை ஒருவரும் குற்றம் பிடிக்கமாட்டார்கள் என்றாள். ஒத்திகை பார்க்கிற காலத்திலேயே கேட்க நினைத்தாளாம். கேட்டால் அவனுக்குச் சொல்லும்போது தடுமாறும், நீதிபதி பிடித்துவிடுவார் என்று பயந்து பேசாமல் இருந்தாளாம்.

ஜெனிஸ்டன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்படியென்றால் ஒத்திகையில் அவளுக்குக் கண் கலங்கியது? அதையும் அவளே சொன்னாள். சிரிப்பு இப்போது அவள் முகத்தில் இல்லை.

"ஒண்டே ஒண்டுதான் எனக்குப் பயம். அந்தத் தண்ணி கேட்ட மனுசன். கேஸுக்காகச் சொல்லுறீங்கள் எண்டு தெரியும். எண்டாலும் ஒருவேளை அது மட்டும் உண்மையோ எண்டு ஒரு யோசினை. உங்களோடை ஒரே கட்டிலிலை படுத்துக்கொண்டு, நான் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறன். உங்களுக்கு அப்பிடி ஒண்டும் நடக்கேல்லை எண்டு சொல்லுங்கோ. அவர் இல்லைத்தானே?"

இருந்தவர் என்று சொல்ல அவன் வாயெடுத்தான். அவளுடைய முகத்தைப் பார்த்தான். கொமிசியோனேக்காரர் பார்த்த பார்வை அல்ல அது. அவர்களுக்கு அவன் பொய் சொல்கிறானா என்று தெரியவேண்டியிருந்தது. இவள் அவன் பொய் சொல்லியிருக்கவேண்டும் என்று மன்றாடிக்கொண்டிருந்தாள். அது அவன்மேல் உள்ள அன்பு என்பதும் அவனுக்குத் தெரிந்தது. இருந்தவர் என்றால் இவள் இனி ஒருநாளும் நித்திரை கொள்ளமாட்டாள். இல்லை என்றால் அந்த மனிதர் முழுவதுமாக இல்லாமல் போய்விடுவார். எது பாவம், எது புண்ணியம்? கேட்டுப் பார்க்க ஒருவரும் இல்லை.

"இல்லை" என்றான். "அப்பிடி ஒருத்தரும் இல்லை. கேஸுக்குச் சொன்னது."

அமலினி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். கையை எடுத்தபோது கண்கள் நனைந்திருந்தன, வாய் சிரித்தது. அவன் தோளில் செல்லமாக ஒரு குத்துக் குத்தினாள். எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் புளுகியிருக்கிறீர்கள், என்னையே ஏமாற்றிவிட்டீர்களே என்று திட்டினாள். பிறகு அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப என்னத்துக்குத்தான் வந்தனீங்கள்?"

அவன் கடலைப் பார்த்தான். அவனுக்கு வாயில் வந்ததைச் சொன்னான்.

"கடையிலை யாவாரம் இல்லை. அதான் வந்தனான்."

அவள் தலையை ஆட்டிவிட்டு அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். பலெர்மோவுக்கு வந்த நாளிலிருந்து அவன் சொன்ன ஒன்றை, மறுபடி ஒரு கேள்வியும் கேட்காமல், ஒருவர் நம்பியது அதுதான் முதல் தடவை.